மத்தியதரைக் கடலோரத்தில் கார், லாரி குறுக்கிடாத சைக்கிள் பயணம் சாத்தியமா?

மத்தியதரைக் கடலோர இயற்கைப் பூங்கா ஒன்றில், மோட்டார் வாகனங்களின் தொல்லை இல்லாமல், சைக்கிளில் பைகளைக் கட்டிக்கொண்டு ஓரிரு நாட்கள் நிதானமாகச் சுற்றிவர முடியுமா என்பது கேள்வி. முடியும். தெற்கு ஃபிரான்சில் ரோன் ஆற்றின் கழிமுகமாகிய கமார்க்கில் அதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு பாதை உண்டு. நான் லியோனில் வேலை பார்ப்பதால், வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மூன்று முறை அங்கே போய்வந்திருக்கிறேன். ஆனால் பூங்கா முழுவதும் வாகனமற்றது என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வாகனம் நுழையாத பகுதி கடலோரத்தில் எழுப்பப்பட்ட மண்கரை மட்டுமே. அதுவும் சைக்கிள்காரர்களுக்காகக் கட்டப்பட்டதன்று.

ஆர்ல் நகருக்குச் சற்று மேலே ரோன் ஆறு பெரிய ரோன், சிறிய ரோன் என்று இரண்டாகப் பிரிகிறது. அவ்விரு கிளைகளுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் முக்கோண நிலமே கமார்க். நடுவில் வக்காரெஸ் என்னும் காயல் ஏறத்தாழ 6,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் ஆழம் எங்குமே இரண்டு மீட்டரைத் தாண்டுவது அரிது. காயலையும் அதைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களையும் 1927ஆம் ஆண்டிலேயே காப்பகமாக்கிவிட்டார்கள். வயல்களும் ஊர்களும் உள்ளடங்கிய வட்டார இயற்கைப் பூங்கா 1970இல் உருவானது. மக்கள் குடியிருந்து பயிர் செய்யும் பூங்கா என்பதால் சாலைகளும் இருக்கின்றன, வண்டிகளும் ஓடுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளங்களுக்குப் பிறகு ஆற்றின் கரைகளை உயர்த்தியவர்கள், 1850களின் இறுதியில் கடல் பக்கமும் ஒரு நீண்ட மண்கரையை எழுப்பினார்கள். கடல்நீர் உள்ளே புகுந்து வயல்களை உப்பாக்காமல் தடுப்பதுதான் அதன் நோக்கம். உள்ளூரில் அதைக் கடலணை என்கிறார்கள். நம் ஊர் ஏரிக்கரையை மனத்தில் கொண்டுவந்து, ஒரு பக்கம் ஏரிக்குப் பதிலாக உப்பங்கழியையும் மறுபக்கம் வயலுக்குப் பதிலாகக் கடற்கரை மணலையும் வைத்துப் பார்த்தால் அதன் தோற்றம் பிடிபட்டுவிடும். சேந்த்-மரி-த-லா-மேர் என்னும் கடற்கரைச் சிற்றூரின் கிழக்கு எல்லையிலிருந்து கஷோல் கலங்கரை விளக்கம் வரை இக்கரையின் மேல் 12 அல்லது 13 கிலோமீட்டர் செல்லலாம். எப்போதாவது வரும் பராமரிப்பு வண்டியைத் தவிர எந்த மோட்டார் வாகனத்துக்கும் அங்கே அனுமதியில்லை.

கிழக்கு நோக்கிச் செல்லும்போது இடது கைப்பக்கம் கழியும் வலது கைப்பக்கம் கடலும் கூடவே வருகின்றன. கழியோரத்தில் உமரிச் செடி தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். இலையுதிர் காலத்தில் அது சிவந்துவிடுவதால், தூரத்தில் யாரோ செம்மண்ணைக் கொட்டி வைத்தது போலத் தோன்றும். பூநாரைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரையிலிருந்து சில நூறு அடித் தொலைவிலேயே கூட்டமாக நிற்கும். கோடியக்கரைக்கு வருகிற பெரிய பூநாரையும் இதே இனம்தான். ஆனால் இவ்வளவு அருகில், சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, அவை இரை தேடுவதை அரை மணி நேரம் பார்த்தது எனக்கு இங்கேதான் வாய்த்தது. தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, அலகை அப்படியே ஊன்றியபடி, கால்களால் சேற்றை மிதித்துக்கொண்டே தன்னைச் சுற்றித் தானே வட்டமடிக்கிறது. மிதியில் கலங்கி எழும் சிற்றுயிர்களை வடிகட்டி விழுங்குகிறது. நீர் வற்றிய இடங்களில் இந்த வட்டங்கள் சேற்றில் வளையம் வளையமாகப் பதிந்திருந்தன. அவற்றை முதலில் பார்த்தபோது யாரோ குழி தோண்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வண்டிகள் இல்லாத இந்தப் பாதையில் பயணத்தின் போக்கை முடிவு செய்வது காற்று. ரோன் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்த்ரால் காற்று வீசத் தொடங்கினால் நாட்கணக்கில் ஓயாது. கடலணையில் ஒதுங்குவதற்கு மரமோ சுவரோ கிடையாது. என் முதல் பயணத்தில் இதை அறியாமல், நானும் என் மனைவியும் வாடகைக்கு எடுத்த மெல்லிய டயர் சைக்கிள்களில் ஒரு மிஸ்த்ரால் நாளில் கிளம்பினோம். பாதை நன்றாகவே இருக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பியதும் எங்கள் தவறுதான். இடப்பக்கத்துக் காற்று எங்களைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. நேராகப் போவதற்குக் காற்றின் மேல் சாய்ந்தபடி மிதிக்க வேண்டியிருந்தது. நடுவழியில் மணல் ஏறிய இடங்களில் முன்சக்கரம் புதைந்து நின்றுவிட, இறங்கித் தள்ளினோம். அந்தப் 13 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. கரையின் மேற்பரப்பு மண், சரளை, உடைந்த கிளிஞ்சல் ஆகியவற்றின் கலவை. மழைக்குப் பிறகு குழிகளில் நீர் தேங்கும். ஆகவே அகலமான டயர் போட்ட சைக்கிளையே எடுத்துச் செல்லுங்கள், டயரில் காற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்தே வையுங்கள்.

காற்றை எதிரியாக்கிக்கொள்ளாமல் திட்டமிடவும் வழி உண்டு. ஆர்ல் ரயில் நிலையத்திலிருந்து கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சேந்த்-மரிக்கு நேராகச் செல்லும் முதன்மைச் சாலையைப் பிடிக்கிறார்கள். அது 38 கிலோமீட்டர்தான் என்றாலும், கார்கள் விரைந்து ஓடும் சாலை என்பதால் நீங்கள் கேட்ட பயணத்துக்குச் சற்றும் பொருந்தாது. அதற்குப் பதிலாக வக்காரெஸின் கிழக்குக் கரையை ஒட்டிய சிறிய சாலையில் தெற்கே இறங்குங்கள். அதிலும் கார்கள் வரும், ஆனால் குறைவு. நெல்வயல்களைக் கடந்து, காப்பகத்தின் பார்வையாளர் மையம் இருக்கும் லா கப்பேலியேரில் இளைப்பாறி, பிறகு கஷோல் கலங்கரை விளக்கத்தை அடைந்து, கடலணையின் மேல் மேற்கு நோக்கிச் சென்றால் சேந்த்-மரியில் இரவு தங்கலாம். மொத்தம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தரை முழுக்கச் சமதளம். மிஸ்த்ரால் வீசும் நாளில் தெற்கே இறங்கும் வரை அது முதுகில் தள்ளிவிடும். கடலணையில் மட்டும் வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். மிஸ்த்ரால் இல்லாத கோடை நாட்களிலோ பிற்பகலில் கடலிலிருந்து உள்நோக்கிக் காற்று வீசும். அப்போது காலையில் கடலுக்கு இறங்கி, மாலையில் வடக்கே திரும்புவது எளிது.

வழியில் நெல்வயலா என்று வியக்காதீர்கள். இங்கே நெல் வெறும் உணவுப் பயிர் அன்று. ஆற்று நீரை வயலில் தேக்கி வைப்பதால்தான் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறாமல் அழுந்திக் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, அன்றைய ஃபிரெஞ்சு இந்தோசீனாவிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட வியட்நாமியத் தொழிலாளர்களின் உழைப்பில்தான் இந்தச் சாகுபடி மறுபடி தழைத்தது. பூங்காவின் விளம்பரப் படங்களில் வெள்ளைக் குதிரையும் கறுப்புக் காளையும் இடம்பெறும் அளவுக்கு இவர்கள் இடம்பெறுவதில்லை.

கடலணையில் குடிநீர் கிடைக்காது, நிழலும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியில் கொசு மருந்து அடிப்பதில்லை; கொசு இங்குள்ள பறவைகளின் இரைகளில் ஒன்று. காற்றோட்டமான கரையின் மேல் பகலில் அவ்வளவாகத் தெரியாது; அந்தி சாய்ந்து நாணல் காட்டருகே நின்றால் தெரியும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. மே 24, 25 தேதிகளில் மட்டும் சேந்த்-மரியில் அறை தேடாதீர்கள். கருநிறப் புனிதை சாராவின் சிலையைக் கடலுக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லும் திருவிழாவுக்கு ஜிப்சிகள் என்று பிறர் அழைத்துவந்த, ஐரோப்பாவின் ரோமா மக்கள் திரளாக வந்து கூடுவதால் அந்தச் சிறிய ஊர் நிரம்பி வழியும்.

கிளம்புவதற்கு முன் பாதை திறந்திருக்கிறதா என்று ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். ரோன் ஆற்றின் அணைகள் மணலைத் தடுத்துவிட்டதால் கழிமுகத்துக்கு வரும் மணல் குறைந்து, கடல் இப்பகுதியில் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. புயலுக்குப் பின் கடலணையில் உடைப்பு ஏற்படுவதும் உண்டு. இன்னும் கிழக்கே, சலேன்-த-ஜிரோ உப்பளங்களைச் சேர்ந்த பெரும் நிலப்பரப்பைக் கடலோரப் பாதுகாப்பு அமைப்பு விலைக்கு வாங்கியது. அங்கே முன்வரிசைக் கரைகளைப் பழுதுபார்க்காமல் விட்டு, கடல் உள்ளே வந்து தன் போக்கில் புதிய எல்லையை வகுத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர்வாசிகளில் பலருக்கு இது பிடிக்கவில்லை. பாட்டன் காலத்துக் கரையைக் கைவிடுவதா என்று ஒரு முதியவர் என்னிடம் சினந்துகொண்டார். எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது, ஆனால் என் வீடு அங்கே இல்லை.

கடைசியாக ஒன்று: ஊருக்குத் திரும்பியதும் குளிக்கப் போவதற்கு முன் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். நான் சோம்பல்பட்டு விட்டுவிட்ட இரவுக்கு மறுநாள் காலை, உப்புக் காற்றில் ஊறிய சங்கிலி ஆரஞ்சு நிறத்தில் துருவேறி, ஆர்ல் வரை கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.