கறிக்கு 3 மணி நேரம், அரிசிக்கு 20 நிமிடம்: வீட்டில் மாட்டுக்கறி தம் பிரியாணி

கேள்வி: ஆம்பூர்ப் பக்கம் சாப்பிட்ட மாட்டுக்கறி பிரியாணியை வீட்டில் செய்ய 3 முறை முயன்றுவிட்டேன். முதல் முறை அரிசி நன்றாக வந்தது, கறி ரப்பர் போல இழுத்தது. அடுத்த முறை கறி வேகட்டும் என்று விட்டேன், அரிசி குழைந்து பொங்கலாகிவிட்டது. மூன்றாவது முறை பப்பாளிக்காய் அரைத்துப் பூசி ஊறவைத்தேன். கறி மேலே மாவாகவும் உள்ளே விறைப்பாகவும் இருந்தது. வரும் ஞாயிறு இரவு வீட்டில் 6 பேர் சாப்பிடுகிறோம். குக்கர் இல்லாமல், மெதுவாக வேகவைத்துச் செய்ய வழி சொல்லுங்கள்.

பதில்: மூன்று முறையும் நடந்த தவறு ஒன்றுதான். கறியையும் அரிசியையும் ஒரே நேரக் கணக்கில் வைத்துவிட்டீர்கள். கோழிக்கறி அரை மணி நேரத்தில் வெந்துவிடும், அதனால் அரிசியோடு அதற்கு ஒத்துப்போகும். மாட்டுக்கறிக்கு இரண்டரை மணி முதல் 3 மணி நேரம் வேண்டும். அரிசிக்கோ தம்மில் 20 நிமிடம் போதும். தம் என்பது அரிசியை முடிப்பதற்கும் மசாலாவை அதில் ஏற்றுவதற்கும் உள்ள வேலை. வேகாத கறியைத் தம் வேகவைக்காது. ஆகவே கறி முழுதாக வெந்து முடிந்த பிறகுதான் அரிசி ஊறவைக்கவே எழுந்திருக்க வேண்டும்.

கறி ஏன் இழுக்கிறது என்று புரிந்துகொண்டால் அடுப்புப் பக்கத்தில் நிற்கும்போது பதற்றம் வராது. கறியில் இருப்பவை இரண்டு: ஒன்று சதை நார், மற்றொன்று அந்த நார்களைக் கட்டி வைத்திருக்கும் ஜவ்வு. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சதை நார் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கறி விறைத்துக்கொள்ளும். ஜவ்வில் இருக்கும் கொலாஜன் அவ்வளவு சீக்கிரம் இளகாது. 70 டிகிரிக்கு மேல்தான் அது கண்ணில் படும்படி கரையத் தொடங்கும், முழுதும் ஜெலட்டினாக மாற மணிக்கணக்கில் ஆகும். நடுவில், அதாவது 40 நிமிடத்திலிருந்து ஒன்றே கால் மணி வரை, கறி மிகக் கடினமாக இருக்கும். பெரும்பாலானவர்கள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள், கல் போல இருக்கும், "இந்தக் கறி முற்றல், இனி வேகாது" என்று முடிவுகட்டித் தீயைக் கூட்டுவார்கள். தீ கூடினால் நார் இன்னும் இறுகும். பொறுத்திருங்கள். இரண்டு மணி நேரம் கடந்ததும் அதே துண்டு கரண்டி முனைக்கு விட்டுக்கொடுக்கும். கரைந்த ஜெலட்டின் குழம்பில் கலந்து உதட்டில் லேசாக ஒட்டும். ஆம்பூரில் நீங்கள் சாப்பிட்டபோது சோற்றில் இருந்த அந்த வழவழப்பான செழுமை அதுதான், எண்ணெய் மட்டும் கொடுத்துவிடாது.

இதிலிருந்தே எந்தக் கறி வாங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கடையில் தொடைக்கறியைக் காட்டி "சுத்தமான கறி, கொழுப்பே இல்லை" என்பார்கள். வறுவலுக்கு அதை வாங்கலாம், இதற்கு வேண்டாம். ஜவ்வு குறைவாக இருப்பதால் நேரம் ஆக ஆக அது வறண்டுதான் போகும். நெஞ்சுப் பக்கத்துக் கறி, முன்னங்கால் சப்பை, கீழ்க்காலின் சதை இந்த மூன்றில் எது கிடைத்தாலும் நல்லது. மாடு நடக்கவும் நிற்கவும் அதிகம் உழைத்த பாகங்கள் இவை, ஜவ்வு நிறைய இருக்கும், மெதுவாக வெந்தால் இவற்றுக்கு ஈடே கிடையாது. 6 பேருக்கு ஒரு கிலோ போதும். எலும்போடு கால் கிலோ, எலும்பில்லாமல் முக்கால் கிலோ என்று கேளுங்கள். ஒரு நல்லி எலும்பும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். துண்டு பெரிதாக இருக்கட்டும், ஒவ்வொன்றும் பெரிய எலுமிச்சம்பழ அளவு. வெந்தபின் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். சின்னதாக வெட்டி வாங்கினால் தம்மில் உதிர்ந்து நாராகப் பிரியும்.

இன்னொன்று, இதை நான் யாருக்கும் வலியுறுத்திச் சொல்வேன். நம் ஊரில் காலையில் அறுத்த கறியைக் காலையிலேயே வாங்கி மதியமே சமைக்கிறோம். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும், மாட்டுக்கறியில் அந்த விறைப்பு தளர ஒரு நாளுக்கு மேல் ஆகும். வெள்ளிக்கிழமையே வாங்கி, கழுவி, தண்ணீரை நன்றாக வடித்து, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். சனிக்கிழமை காலை கிலோவுக்கு 2 தேக்கரண்டி கல் உப்பைப் பொடித்துத் தடவிவிடுங்கள். உப்பு உள்ளே இறங்கினால் வேகும்போது கறி தன் ஈரத்தை அவ்வளவாக இழக்காது, சுவையும் உள்வரை இருக்கும்.

பப்பாளிக்காயை விட்டுவிடுங்கள். அதில் உள்ள பப்பெய்ன் மேற்பரப்பை மட்டும்தான் தின்னும், உள்ளே நுழையாது. அதனால்தான் உங்கள் கறி மேலே மாவும் உள்ளே விறைப்புமாக இருந்தது. 3 மணி நேரம் அடுப்பில் இருக்கப்போகும் கறிக்கு அது தேவையும் இல்லை. சமையல் சோடாவும் வேண்டாம், சோப்பு வாடை வந்துவிடும்.

இனி மசாலா. ஆம்பூரும் வாணியம்பாடியும் பாலாற்றங்கரைத் தோல் தொழில் ஊர்கள். அங்கே மாட்டுக்கறி பிரியாணி அன்றாடச் சாப்பாடு. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டுக்கறி பிரியாணி அதில் இருக்காது என்றதும் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் மழையைக் காரணமாகச் சொல்லித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். அந்த ஊர்ச் சமையலை அந்த ஊர் மக்களிடமிருந்து பிரிக்க முடியாது என்று நான் நம்புகிறேன், அதனால் இங்கே இதைச் சொல்கிறேன். அந்தப் பிரியாணியின் அடையாளம் எளிமை. கரம் மசாலாப் பொடி கிடையாது, நிறப்பொடி கிடையாது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் இவ்வளவுதான் வாசனை. நிறமும் காரமும் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயிலிருந்து வரும். பூண்டு கொஞ்சம் தாராளம்.

ஒரு கிலோ கறிக்கு, முக்கால் கிலோ சீரக சம்பாவுக்கு: காய்ந்த மிளகாய் 15, வெந்நீரில் அரை மணி ஊறவைத்து விழுதாக அரைத்தது. பூண்டு 90 கிராம், இஞ்சி 60 கிராம், இரண்டையும் தனித்தனியாக அரையுங்கள். வெங்காயம் 400 கிராம், தக்காளி 300 கிராம், புளிக்காத தயிர் முக்கால் டம்ளர், புதினாவும் கொத்தமல்லியும் ஒவ்வொரு கைப்பிடி, எண்ணெய் 150 மில்லி, எலுமிச்சை 2, பட்டை 2 துண்டு, கிராம்பு 5, ஏலக்காய் 4. டம்ளர் என்று நான் சொல்வதெல்லாம் 200 மில்லி.

அடிகனமான, மூடி சரியாகப் பொருந்தும் பாத்திரம் வேண்டும். தேக்சா இருந்தால் மிக நல்லது. எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய். பிறகு பூண்டு விழுது, பச்சை வாசனை போனதும் இஞ்சி விழுது. அப்புறம் பாதி வெங்காயம், அது பொன்னிறமானதும் மிளகாய் விழுது. எண்ணெய் சிவந்து ஓரத்தில் பிரியும்வரை கிளறுங்கள், இந்த இடத்தில் அவசரம் கூடாது. கறியைப் போட்டு 10 நிமிடம் நடுத்தரத் தீயில் புரட்டினால் அதுவே தண்ணீர் விடும். மீதி வெங்காயம், தக்காளி, தயிர், பாதிப் புதினா கொத்தமல்லி, 3 டம்ளர் வெந்நீர். ஒரு கொதி வந்தவுடன் தீயைக் குறைத்துவிடுங்கள்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்றால், மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழ வேண்டும். தளதளவென்று கொதிக்கக் கூடாது. வீட்டுக் கேஸ் அடுப்பில் சின்ன பர்னரின் குறைந்த தீகூட சில சமயம் அதிகமாக இருக்கும். அப்போது கனமான தோசைக்கல்லை அடியில் வைத்து அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை திறந்து அடியைத் தொட்டுக் கிளறிவிட்டு மூடுங்கள். தண்ணீர் வற்றினால் வெந்நீர்தான் சேர்க்க வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி அந்த நேரம் வீணாகும். எருமைக்கறியாகவோ வயதான மாடாகவோ இருந்தால் மூன்றரை மணிகூட ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல் கறியைப் பாருங்கள்: கரண்டியின் ஓரத்தால் அழுத்தினால் நார்வழியே பிளக்க வேண்டும், ஆனால் தூக்கினால் துண்டு உதிரக் கூடாது. அதுதான் பதம்.

இங்கே ஒரு யோசனை. ஞாயிறு மாலை இதையெல்லாம் செய்யாதீர்கள். சனிக்கிழமை மாலையே கறியை வேகவைத்து முடித்துவிடுங்கள். அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, ஆறியதும், 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஓர் இரவு அந்தக் குழம்பிலேயே இருந்தால் கறி இன்னும் நன்றாக ருசிக்கும். மறுநாள் மேலே உறைந்து நிற்கும் கொழுப்பில் அதிகமானதை வழித்தும் எடுத்துவிடலாம். ஞாயிறு உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரு மணி நேர வேலைதான்.

குக்கரை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவசரத்துக்கு அது தப்பில்லை. முதல் விசில் வந்தபின் சிறு தீயில் 25 நிமிடம் வைத்தால் கறி வெந்துவிடும். ஆனால் விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள், உள்ளே குழம்பு சட்டென்று பொங்கிக் கொதித்து கறியின் ஈரத்தை இழுத்துவிடும். தானாக அடங்கட்டும். மின்சார ஸ்லோ குக்கர் இருந்தால் தாளித்த மசாலாவோடு கறியை அதில் போட்டு, குறைந்த சூட்டில் 8 மணி நேரம் விடலாம். அதில் தண்ணீர் அதிகம் ஆவியாகாது, ஆகவே வெந்நீர் ஒரு டம்ளர் போதும். அரிசியை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், கஞ்சியாகிவிடும்.

சரி, அரிசிக்கு வருவோம். சீரக சம்பாவை மெதுவாகக் கழுவி 20 நிமிடம் ஊறவையுங்கள். அது சின்ன மணி, அதிகம் ஊறினால் உடையும். அந்த நேரத்தில் கறிக்குழம்பைக் கொதிக்கவையுங்கள். இப்போது செய்ய வேண்டிய ஒரு வேலையை வீட்டில் யாரும் செய்வதில்லை: குழம்பை அளந்து பாருங்கள். கறித் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, எண்ணெயோடு சேர்த்துக் குழம்பு சரியாக 3 டம்ளர் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் வற்றவையுங்கள், குறைவாக இருந்தால் வெந்நீர் சேருங்கள். உங்கள் அரிசி குழைந்ததற்கு நேரம் பாதிக் காரணம், அளக்காத குழம்பு மீதிக் காரணம் என்பது என் கணிப்பு.

வேறொரு பாத்திரத்தில் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கடல்நீர் போல உப்புக் கரிக்கும் அளவுக்கு உப்புப் போட்டு, ஒரு எலுமிச்சையைப் பிழிந்து, அரிசியைப் போடுங்கள். ஐந்தாவது நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு மணியை விரலால் நசுக்கினால் ஓரம் மசிந்து நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முக்கால் பதம். உடனே வடித்துவிடுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பில் கறித் துண்டுகள், மீதிப் புதினா கொத்தமல்லி, இன்னொரு எலுமிச்சையின் சாறு, உப்புப் பார்த்துவிட்டு, அரிசியைக் கொட்டி, அடியிலிருந்து மேலாக ஒரே ஒருமுறை புரட்டிச் சமப்படுத்துங்கள். குழம்பு அரிசியின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தெரிந்தால் சரியாக இருக்கிறது.

மூடியைச் சுற்றி மைதா மாவை ஒட்டலாம், நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றினாலும் போதும். நடுத்தரத் தீயில் 5 நிமிடம், பிறகு தோசைக்கல் மேல் மிகச் சிறு தீயில் 15 நிமிடம். விறகடுப்பில் பிரியாணி மாஸ்டர்கள் மூடிமேல் நெருப்புக் கங்கை அள்ளிப் போடுவார்கள். கீழும் மேலும் ஒரே சூடு கிடைக்க அது வழி. வீட்டில் கொதிநீர் நிறைந்த கனமான பாத்திரத்தை மூடிமேல் வைத்தால் மூடி அழுந்தி ஆவி வெளியே போகாமல் நிற்கும். தீயை அணைத்தபின் இன்னும் 15 நிமிடம் திறக்காதீர்கள். மேல் அரிசி முழுதும் மலர்வது அந்த நேரத்தில்தான். பரிமாறும்போது கரண்டியை ஓரமாக இறக்கி அடியிலிருந்து எடுங்கள், நடுவில் குத்திக் கிளறினால் இவ்வளவு பாடும் போய்விடும்.

கூட எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் வையுங்கள். கத்தரிக்காயில் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், கறியின் கொழுப்புக்கு அந்தப் புளிப்பு வேண்டும்.

மிச்சமானால் இரவு முழுக்க வெளியே வைக்காதீர்கள். சோற்றில் வளரும் கிருமி சில விடும் நஞ்சு மறுநாள் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்டு எழுந்ததும் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் இட்லிப் பானையில் ஆவி நன்றாக ஏறும்வரை சூடாக்கிச் சாப்பிடுங்கள்.