டெங்கோ

அன்புள்ள ஐயா,

சயாம் மரண ரயில் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்த சூட்டோடு போன மாதம் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய்வந்தேன். போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒரு மணி நேரம் சுற்றினேன். எல்லாம் ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் பெயர்கள். என் பாட்டியின் அண்ணன் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். உங்கள் கட்டுரையிலும் வெள்ளைக்காரக் கைதிகள்தான் இருக்கிறார்கள். செத்தவர்களில் நம் ஆட்கள்தான் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையா? உண்மையென்றால் அவர்களை எங்கே புதைத்தார்கள்?

ம., ஈப்போ

அன்புள்ள ம.,

குறை என்னுடையதுதான். நான் எழுத உட்கார்ந்தபோது கையில் இருந்தவை ஜப்பானியரிடம் பிடிபட்ட போர்க் கைதிகளின் நாட்குறிப்புகள். அவற்றில் தமிழர்கள் வருவார்கள்; பக்கத்து முகாமில் பேதி கண்டு கிடப்பவர்களாக, பெயரில்லாமல். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

வீட்டில் சொன்னது பெரிதும் சரி. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய ராணுவம் போட்ட அந்த ரயில் பாதை, சயாம் என்று நாம் சொல்லும் தாய்லாந்தின் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். கைதிகள் 60,000-க்கு மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுபோன ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் இருக்கலாம். இறந்தவர்கள் 90,000 என்பது பலரும் சொல்லும் கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

கைதிகள் முகாமில் காலையும் மாலையும் 'டெங்கோ' உண்டு. வரிசையில் நின்று இச்சி, நி, சான் என்று ஜப்பானிய மொழியில் எண் சொல்ல வேண்டும். எண்ணிக்கை உதைத்தால் மறுபடி முதலிலிருந்து, மழையானாலும். நிற்க முடியாதவனைச் சேக்காளிகள் தாங்கிப் பிடித்து நிறுத்துவார்கள். ஒருவனும் தப்பிவிடக்கூடாது என்பதற்கான எண்ணிக்கை அது. ஆனால் கைதிகளுக்கென்று சொந்த அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் இன்னார் இன்ன நாளில் இறந்தார், இங்கே புதைத்தோம் என்று மறைத்து எழுதிவைத்தார்கள். போர் முடிந்ததும் தேடிப் போன குழு 144 இடுகாடுகளில் 10,549 புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. கிடைக்காமல் போனவை 52.

நம் ஆட்களுக்கு ரெஜிமென்ட் ஏது, அதிகாரி ஏது? போரால் ரப்பர் விற்பனை படுத்துவிட்டது, தோட்டத்தில் அரிசி இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை நம்பிக் குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. ஆள் போதாமல் போனதும் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். ஒரு கூட்டத்தின் பெயர்கள் தெரிந்தவர் அதன் கங்காணி ஒருவர்தான். 1943 மே மாதம் காலரா வந்தபோது அது கங்காணி, கூலி என்று பார்க்கவில்லை.

கைதிகள் பாடு லேசானது என்று இதற்குப் பொருளில்லை. சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து அனுப்பப்பட்ட 'எஃப் படை' என்ற கைதிக் கூட்டம் 7,000 பேர், அதில் 3,000-க்கு மேல் செத்தார்கள். ஆனால் அவர்களோடு டாக்டர்கள் இருந்தார்கள், மூங்கிலைச் சீவி உப்புநீர் ஏற்றியாவது சிலரைப் பிழைக்க வைத்தார்கள். கூலி முகாம்களுக்கு 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும்தான் கைதிகளிலிருந்தே இரண்டு மருத்துவக் குழுக்களை அனுப்பினார்கள். இத்தனை பேருக்கு மொத்தம் 345 பேர்.

1946-இல் பிரிட்டன் இந்தப் பாதையின் தாய்லாந்துப் பகுதியை அந்நாட்டு அரசுக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. தண்டவாளத்துக்காவது ஒரு விலை இருந்தது!

எங்கே புதைத்தார்கள் என்று கேட்டீர்கள். பலரைப் பாதையோரத்திலேயே. 1990-இல் காஞ்சனபுரியில் கரும்புத் தோட்டம் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் வந்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதுகிறார்கள். ஊருக்குள் வாட் தாவோர்ன் என்ற புத்தக் கோயிலில் அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. நீங்கள் குவாய் ஆற்றுப் பாலம் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்திலேயே ஜப்பானிய ராணுவம் 1944-இல் கட்டிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றிய சுவர்க் கற்களில் பல மொழிகள், அதில் ஒன்று தமிழ். சாகடித்தவர்களே முந்திக்கொண்டு நம் மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள்! அதிலும் பெயர் கிடையாது.

பாட்டியின் அண்ணன் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்தக் கங்காணியோடு போனார்? வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் கேட்டு எழுதுங்கள்.