போர் போடும் முன் ஒரு நிமிடம்: சேலம் விவசாயக் கேள்வி பதில்

வேளாண் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது வாழப்பாடிப் பக்கம் நாலு ஏக்கரில் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) பாக்கும் வைத்திருக்கிறேன். ‘நம் நிலம் பிள்ளைகள் காலம் வரை தாங்குமா’ என்பதுதான் இன்றைய பேச்சு. மண், தண்ணீர், கிழங்கு, காபி பற்றிக் கேளுங்கள்.

பெத்தநாயக்கன்பாளையம்: ஐயா, பாக்குத் தோப்பு காய்கிறது. 900 அடி போரில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. 1,200 அடிக்கு இன்னொன்று போடலாமா?

போடாதீர்கள் தம்பி. நம் பக்கம் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கிறது. ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். அவ்வளவு கீழே கிடைக்கும் தண்ணீர் பல காலம் சேர்ந்தது, ஒரு மழைக்காலத்தில் திரும்ப நிரம்பாது. நம் மாவட்டத்தில் பல ஒன்றியங்கள் ஊறுவதைவிட அதிகம் உறிஞ்சும் பட்டியலில் இருக்கின்றன.

போருக்கு வைத்திருக்கும் பணத்தை மேலே செலவழியுங்கள். ஒரு செ.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது 40,000 லிட்டர். அதில் எவ்வளவு உங்கள் வரப்பைத் தாண்டிப் போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? போன ஐப்பசியில் ஒரு நாள் மழையோடு மழையாக என் மேற்கு வரப்பில் நின்று பார்த்தேன். உழுது வெறுமனே கிடந்த பக்கத்துக் காட்டிலிருந்து தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. என் பக்கம் பாக்கு மட்டை பரப்பிய இடத்தில் அதே மழை மட்டைக்கு அடியில் நின்று நின்று இறங்கியது. மறுநாள் மட்டையைத் தூக்கினால் மண்புழு போட்ட குருணை. மட்டையை எரிக்காதீர்கள், பரப்புங்கள். வரப்பை உயர்த்துங்கள். சரிவின் கீழ்க்கோடியில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். வாய்க்கால் பாசனத்தை விட்டுச் சொட்டுநீருக்கு மாறுங்கள். சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது.

தலைவாசல்: குச்சிக்கிழங்குச் செடியில் நுனி கொத்தாகச் சுருண்டு, வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது. எந்த மருந்து அடிக்கலாம் அண்ணா?

மாவுப்பூச்சி. அடிக்கும் முன் இதைப் படியுங்கள். இது தென் அமெரிக்கப் பூச்சி. 2020-இல் கேரளத்தில் முதலில் தெரிந்து, அப்புறம் நம் பக்கம் பரவியது. ஆப்பிரிக்காவில் முன்பே இதே பூச்சி மரவள்ளியை அழித்தபோது, அதன் சொந்த நாட்டிலேயே தேடி ஒரு சிறு குளவியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு வாங்கினார். அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிடும். நீங்கள் கண்டபடி விஷம் அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். சுருண்ட நுனியைக் கிள்ளிப் பையில் போட்டு எரியுங்கள். ஏத்தாப்பூரில் போய்க் குளவி கேளுங்கள். பூச்சி வந்த அந்த வயலின் குச்சியை அடுத்த நடவுக்கு வெட்டாதீர்கள்.

கெங்கவல்லி: குச்சிக்கிழங்கு இலையில் மஞ்சள் திட்டு, கோணல் மாணலாக இருக்கிறது. மருந்து?

தேமல் நோய் என்றால் மருந்தே கிடையாது, அது வைரஸ். வெள்ளை ஈ பரப்பும், அதைவிட நாம் நடும் குச்சி பரப்பும். செடி பச்சையாக நிற்கும்போதே நல்லதைப் பார்த்துக் குறி போட்டு வையுங்கள், இலை கொட்டிய பிறகு எல்லாக் குச்சியும் ஒன்று போலத்தான் தெரியும். ஸ்ரீ ரக்ஷா போலத் தேமல் தாங்கும் ரகமும் உண்டு. கொழுந்து இலை திட்டில்லாமல் முழுக்க வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் வரும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆத்தூர்: கிழங்குச் செடி நுனி சுருட்டைக்கு மருந்து சொல்லுங்க சார்.

தலைவாசல்காரருக்குச் சொன்னதேதான்.

ஓமலூர்: பட்டுப்புழு வளர்ப்பு லாபமா?

என் துறை இல்லை. பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏற்காடு: 12 ஏக்கர் அரபிகா காபி. அப்பா காலத்து அத்தி, பலா, சந்தன வேம்பை எடுத்துவிட்டு முழுக்க சில்வர் ஓக் வைக்கலாம் என்று இருக்கிறேன். மிளகு ஏறும், இருபது வருஷத்தில் மரமும் காசாகும். சரிதானே?

சரியில்லை தம்பி. இன்றைக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. அரபிகாவின் முதல் எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அந்த வண்டு வெயில் படும் தண்டைத் தேடித்தான் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். சில்வர் ஓக் நெட்டையாக வளரும், அதன் நிழல் மெல்லியது. அதன் இலை மக்கவும் நாள் பிடிக்கும். அத்தியும் பலாவும் தரும் நிழல் வேறு, அடியில் விழும் சருகு வேறு. கலந்து வையுங்கள், ஒன்றையே வைக்காதீர்கள்.

ஏற்காடு, அதே அன்பர்: பக்கத்து எஸ்டேட்டெல்லாம் சில்வர் ஓக்தான். மிளகு இல்லாமல் காபி விலையை மட்டும் நம்பி நாங்கள் பிழைக்க முடியுமா?

நியாயமான கேள்வி. வருமானம் இல்லாத தோட்டம் நிலைக்காது, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் மிளகு பலாவிலும் ஏறும், முள்முருங்கையிலும் ஏறும். சில்வர் ஓக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை, இருக்கும் பெரிய மரங்களுக்கு நடுவே வையுங்கள்.

அயோத்தியாப்பட்டணம்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். அவர் தோட்டம், அவர் மரம். கீழே இருக்கும் நமக்கு என்ன?

நமக்குத்தான் எல்லாம். திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்வராயன் மலையில்தான் பிறக்கின்றன. ஏற்காட்டில் பெய்வது சேலத்தில் பெய்வதைப் போல ஒன்றரை மடங்கு. அங்கே சருகு மெத்தை இருந்தால் அந்த மழை உள்ளே இறங்கி மாசிவரை ஓடையில் கசியும். இல்லாவிட்டால் இரண்டே நாளில் சேறாக வந்து ஏரியைத் தூர்த்துவிட்டுப் போகும். அவருடைய அத்தி மரமும் உங்கள் கிணறும் ஒரே தண்ணீர்க் கணக்கு. அதனால் மேலே இருப்பவர் மரத்தைக் காப்பாற்றுகிற செலவில் கீழே இருக்கிற நமக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அதற்கு வழி பேச வேண்டும்.

எடப்பாடி: ரசாயன உரத்தை அடியோடு விட்டால்தான் நிலம் பிழைக்குமா?

ஒரே வருஷத்தில் விட்டு விளைச்சல் விழுந்து, கடன் பட்டு, நிலத்தையே விற்றவரைப் பார்த்திருக்கிறேன். குச்சிக்கிழங்கு சாம்பல்சத்தை (பொட்டாஷ்) நிறைய இழுக்கும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் வருஷா வருஷம் அதையே நட்டால் எந்த மண்ணும் ஓயும். தொழுவுரம், நடவு முடிந்த முதல் மூன்று மாதத்தில் ஊடே உளுந்து, அப்புறம் மண் பரிசோதனைப்படி உரம். படிப்படியாகக் குறையுங்கள்.

கொளத்தூர்: 1,000 அடி போருக்கு நல்ல பாயிண்ட் பார்ப்பவர் யாராவது?

போடாதீர்கள். முதல் பதிலைப் படியுங்கள்.

வீரபாண்டி: போர் வண்டி வாடகை இப்போது அடிக்கு எவ்வளவு?

முதல் பதில் அய்யா, தயவுசெய்து.

ஏற்காடு, அதே அன்பர்: யோசிக்கிறேன் ஐயா. முழுக்க நம்பிக்கை வரவில்லை.

நம்ப வேண்டாம், பாருங்கள். உங்கள் தோட்டத்திலேயே பெரிய மரத்து நிழலில் நூறு செடி, வெயில் விழும் இடத்தில் நூறு செடி எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வண்டு கிளம்பும் முன் ஒவ்வொரு தண்டையும் கையால் தடவுங்கள். புழு குடைந்த இடத்தில் பட்டை மேடு தட்டியிருக்கும், விரலுக்குத் தெரியும். அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். இரண்டு பக்கத்திலும் எத்தனை பிடுங்கினீர்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அதுவரை கோடரியைக் கீழே வையுங்கள்.