ஜிம்னியில் ஃபைபர் கிளாஸ் சப்வூஃபர் பெட்டி: இரண்டு மேட் போதுமா?

கேள்வி: மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி ஜீப் வைத்திருக்கிறேன். வார இறுதிகளில் மலைப்பாதை, கரடுமுரடான எஸ்டேட் சாலை என்று கிளம்பிவிடுவோம். டிக்கி இடம் போகாமல், இடதுபக்கச் சக்கர ஆர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் குழியில் உட்காருகிற மாதிரி 10 அங்குல சப்வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஃபைபர் கிளாஸ் பெட்டி செய்ய ஆசை. எம்டிஎஃப்பில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஸ்பீக்கரைப் பொருத்தும் ரிங் வெட்டி, மேலே இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டினால் போதும் என்கிறார் கடைக்காரர். தாங்குமா? நானே செய்யலாமா? (கோவை வாசகர்)

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம். ஆனால் இரண்டு மேட் போதாது, எம்டிஎஃப்பும் வேண்டாம். ஊருக்குள் ஓடும் காரில் அப்படிப்பட்ட பெட்டி சில வருடம் தள்ளிவிடும். உங்கள் வண்டியில் நிலைமை வேறு. உள்ளிருந்து ஸ்பீக்கரின் காற்றழுத்தம், வெளியிலிருந்து குலுக்கல், கூடவே மழை ஈரம். மூன்றும் சேர்ந்து முதலில் கை வைப்பது ரிங்கிலும் போல்ட் பிடிக்கும் இடத்திலும்தான்.

முதலில் அளவு. ஜிம்னியின் டிக்கி மொத்தமே 208 லிட்டர். அதனால் போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த பெட்டியை மறந்துவிடுங்கள். அது இடத்தை விழுங்கும், துளை வழியாகப் புழுதியும் உள்ளே போகும். முழுக்க மூடிய பெட்டியே சரி. பெரும்பாலான 10 அங்குல சப்வூஃபர்களுக்கு 15 முதல் 23 லிட்டர் போதும். உங்கள் ஸ்பீக்கரின் தாளில் போட்டிருக்கும் அளவே கடைசி வார்த்தை. ஸ்பீக்கரின் பின்பகுதி அடைத்துக்கொள்ளும் ஒன்றரை, இரண்டு லிட்டரையும் கூட்டிக்கொள்ளுங்கள். இப்படி வளைந்து நெளிந்த பெட்டியின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே தெர்மோகோல் உருண்டைகளை நிரப்பி, அதை லிட்டர் குறித்த வாளியில் கொட்டி அளந்தால் தெரிந்துவிடும்.

அச்சு எடுப்பதற்கு முன், ஜாக், டூல் எடுக்கும் வழி எதையும் பெட்டி மறைக்காது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குழியின் வாய் உள்பக்கத்தைவிடக் குறுகலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், காய்ந்தபின் அச்சு வெளியே வராது. அந்த இடத்தை முன்பே அட்டை வைத்து நிரவிவிட வேண்டும். நிரவுவதற்குத் தெர்மோகோலைத் தொடாதீர்கள், மேட்டில் பூசி இறுக வைக்கும் பாலியஸ்டர் ரெசின் (திரவப் பிசின்) பட்டால் கரைந்துவிடும். குழி முழுக்க இரண்டு சுற்று மாஸ்கிங் டேப், அதன்மேல் அலுமினிய ஃபாயில், அதன்மேல் மெழுகு. சீட், தரை எல்லாம் பாலிதீன் ஷீட்டால் மூடுங்கள். வண்டிக்குள் இரண்டு மேட் மட்டும் ஒட்டி, காய்ந்ததும் அந்த ஃபைபர் கிளாஸ் ஓடு முழுவதையும் வெளியே எடுத்துவிட்டு மற்ற அடுக்குகளை வெளியில் வைத்தே போடலாம்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் தரும். உங்களுக்கு 5 அல்லது 6 அடுக்கு வேண்டும். வளைவான பகுதி தானாகவே விறைப்பாக நிற்கும். தட்டையான பகுதிதான் தாளத்துக்குத் தாளம் அதிரும். அங்கே உள்பக்கம் ஒரு கயிற்றை வைத்து, அதன்மேல் மேட் ஒட்டினால் விலா எலும்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒரே மூச்சில் எல்லா அடுக்கையும் போட்டால் சூடேறி ஓடு கோணிவிடும். இரண்டிரண்டாகப் போடுங்கள். மேட்டின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும்; அதற்கு மேல் ஊற்றினால் கனமும் விரிசலும்தான் மிச்சம். எபாக்சி என்ற வேறு வகை ரெசினுக்கு உறுதி அதிகம் என்று அதை வாங்கிவிடாதீர்கள். சாதாரண மேட்டின் இழைகளைக் கட்டியிருக்கும் பசை, பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் மேட் வளையாமல் முறைத்துக்கொண்டு நிற்கும்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியமே கூடாது: கடையில் ரெசினுடன் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துவது), ஹார்ட்னர் (இறுக வைப்பது) என்று இரண்டு புட்டி தருவார்கள். அவை இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னரை ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் கோப்பையும் ஆகாது. ஹார்ட்னர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி.; வெயில் காலத்தில் குறைந்த அளவே போதும். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். ரெசின் ஆவிக்குத் துணி மாஸ்க் எதுவும் செய்யாது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்தான் வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, தேய்க்கும்போது முழுக்கை சட்டை.

ரிங்குக்கு 18 மி.மீ. மரைன் ப்ளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாக வாங்குங்கள். எம்டிஎஃப் ஈரம் குடித்தால் ஊதிவிடும். ஊதிய பலகையில் ஸ்க்ரூ நிற்காது. அதனால் ஸ்பீக்கருக்கும் மர ஸ்க்ரூ வேண்டாம். பின்னாலிருந்து டீ-நட் (பலகையில் பதியும் மரையுள்ள நட்) அடித்து, முன்னாலிருந்து போல்ட் போடுங்கள். ரிங்கைக் குச்சிகளில் நிறுத்தி, ஓட்டின் விளிம்பு வரை பனியன் துணியை இழுத்து ஒட்டி, ரெசின் பூசிக் காயவிட்டு, உள்ளும் புறமும் மேட் போட வேண்டும். பார்வைக்குப் பட்டி பார்ப்பதெல்லாம் அப்புறம். ரிங் ஓட்டோடு சேரும் மூலையில் உள்பக்கமாக மேட் துண்டுகளைத் தாராளமாக ஒட்டுங்கள், விரிசல் விடும் முதல் இடம் அதுதான்.

அடுத்தது பிடிமானம். ஸ்பீக்கரோடு சேர்த்து பத்து கிலோவைத் தாண்டும் பெட்டி, வண்டி சாய்ந்தால் உள்ளே இருப்பவர் தலையில் வந்து விழக்கூடாது. ஒட்டுவதோ வெல்க்ரோவோ கணக்கில் சேராது. ஓட்டுக்குள்ளேயே இரும்புப் பட்டையைப் புதைத்து, பாடியில் ஏற்கெனவே மரையுள்ள துளைகளில் ரப்பர் வாஷருடன் போல்ட் போடுங்கள். சீட் பெல்ட்டின் போல்ட்டை மட்டும் இதற்குக் கழற்றவே கூடாது. புதிதாகத் துளை போடுவதாக இருந்தால், கீழே படுத்து பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், வயரிங் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே ட்ரில்லை எடுங்கள். மேடு பள்ளத்தில் பாடி லேசாக முறுக்கும். அதனால் பெட்டிக்கும் பாடிக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி விட்டு, ஃபோம் டேப் ஒட்டினால் கீச்சுச் சத்தம் வராது.

எல்லாம் முடிந்ததும் ஸ்பீக்கரின் கூம்பை இரண்டு உள்ளங்கையாலும் மெல்ல அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மெதுவாகத் திரும்பினால் பெட்டி காற்றுப்புகாமல் இருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால், வயர் வெளியே வரும் துளையையும் ரிங்கின் ஓரத்தையும் சிலிகான் கொண்டு அடையுங்கள். ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியின் மேலேயே மாட்டாதீர்கள். அதிர்வில் சால்டரிங் விட்டுப்போகும். பேட்டரியிலிருந்து வரும் வயருக்கு 45 செ.மீ. தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். முதல் மலைப் பயணம் முடிந்து வந்ததும் போல்ட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள், ரப்பர் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.