காந்தப் புலத்தை 0-க்கு இறக்கியும் ரெசனேட்டர் பழைய இடத்துக்கு வரவில்லையா?

கேள்வி: காலியம் ஆர்செனைடு சிப் ஒன்றில் 100 நானோமீட்டர் நியோபியம் படலத்தால் ஆன 5.6 கிகாஹெர்ட்ஸ் ரெசனேட்டர் (குறிப்பிட்ட மைக்ரோவேவ் அதிர்வெண்ணில் ஒத்ததிரும் மீகடத்திச் சுற்று) இருக்கிறது. நடுக்கீற்றின் அகலம் 10 மைக்ரான். அதன் முனையருகே ஒரு குவாண்டம் டாட் (ஓரிரு எலக்ட்ரான்களை அடைத்து வைக்கும் மிகச் சிறிய குறைகடத்திப் பகுதி). டைலூஷன் ஃபிரிட்ஜுக்குள் (ஹீலியம் கலவையால் மில்லிகெல்வின் அளவுக்குக் குளிர்விக்கும் கருவி) ஒற்றை அச்சுக் காந்தத்தால் சிப்பின் தளத்துக்கு இணையாகப் புலம் கொடுக்கிறோம். 0.9 டெஸ்லா வரை ஏற்றி 0-க்கு இறக்கினால் ரெசனன்ஸ் கீழேயே நிற்கிறது. உள் க்யூ (ரெசனேட்டருக்குள் ஆற்றல் இழப்பு எவ்வளவு குறைவு என்று காட்டும் எண்) 20,000-லிருந்து 1,500 ஆகிவிட்டது. 0.2 டெஸ்லா அருகே க்யூவில் தனியாக ஒரு பள்ளமும் தெரிகிறது. சிப் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. நியோபியத்துக்குள் காந்தச் சுழல்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. சூடாக்கினால் வெளியேறிவிடும், ஆனால் அடுத்த முறை புலம் ஏற்றும்போது மறுபடி நுழையும். ஆகவே வெளியேற்றுவதைவிட நுழையவிடாமல் தடுப்பதுதான் பெரிய வேலை.

ஒவ்வொரு சுழலும் 2.07×10⁻¹⁵ வெபர் பாயத்தைச் சுமக்கிறது. அதன் நடுப்பகுதியில் மீகடத்தல் கிடையாது. மைக்ரோவேவ் மின்னோட்டம் சுழலை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆற்றல் வெப்பமாகிறது, அதனால் க்யூ விழுகிறது. கூடவே இண்டக்டன்ஸ் ஏறுவதால் அதிர்வெண் இறங்குகிறது. மின்னோட்டம் கீற்றின் இரு விளிம்புகளில்தான் குவியும் என்பதால் விளிம்போரம் நிற்கும் சுழல்களே அதிகம் கெடுப்பவை.

'தளத்துக்கு இணையாக' என்று சொல்கிறீர்கள். கையால் ஒட்டிய சிப்பில் 1 டிகிரி சாய்வு சர்வ சாதாரணம். 0.9 டெஸ்லாவில் அந்த 1 டிகிரியே படலத்துக்குச் செங்குத்தாக 15.7 மில்லிடெஸ்லா தருகிறது. ஒரு சதுர மைக்ரானுக்கு ஏழெட்டுச் சுழல்கள் என்று கணக்கு வரும். டாட்டை அந்த 15 மில்லிடெஸ்லா தொடவே தொடாது. அப்போது காந்த நீளம் (காந்தப் புலம் எலக்ட்ரானின் இயக்கத்தை வளைக்கும் அளவுகோல்) சுமார் 200 நானோமீட்டர், டாட்டின் அளவு அதைவிடச் சிறியது. ஒரே சிப்பில் குறைகடத்தி கண்டுகொள்ளாத புலம் மீகடத்தியைக் கவிழ்த்துவிடுகிறது.

சுழல்தானா என்று உறுதி செய்ய இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, மைக்ரோவேவ் திறனைப் படிப்படியாக உயர்த்துங்கள். க்யூ நன்றாக ஏறினால் குற்றவாளி படலத்தின் மேற்பரப்பிலும் அடித்தளத்திலும் உள்ள இருநிலைக் குறைகள் (இரண்டு நிலைகளுக்கிடையே தாவி மைக்ரோவேவை உறிஞ்சும் அணுக் குறைபாடுகள்). ஏறாமல் அடம்பிடித்தால் சுழல். இரண்டாவது, புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதிர்வெண்ணைப் பதிவு செய்யுங்கள். இரு பாதைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பரவளையமாக வளைந்தால் அது இயக்க இண்டக்டன்ஸின் (மீகடத்தும் எலக்ட்ரான் ஜோடிகளின் நிலைமத்தால் வரும் இண்டக்டன்ஸ்) வேலை, கவலை வேண்டாம். பாதைகள் பிரிந்து, இடையிடையே திடீர்த் தாவல்கள் வந்தால் சுழல்கள் கூட்டமாக நுழைகின்றன.

இப்போது உள்ளவற்றை வெளியேற்ற, முதலில் காந்தத்தின் எச்சப் புலத்தைப் போக்குங்கள். பவர் சப்ளை 0 காட்டினாலும் காந்தச் சுருளின் கம்பிக்குள்ளேயே பாயம் சிக்கியிருப்பதால் சில மில்லிடெஸ்லா மிஞ்சியிருக்கும். +0.5, −0.35, +0.25 என்று ஒவ்வொரு முறையும் சுமார் 70 சதவீதமாகக் குறைத்து, திசை மாற்றி மாற்றிச் சில மில்லிடெஸ்லா வரை வாருங்கள். பிறகு சிப்பை 9.2 கெல்வினுக்கு மேலே, 11 அல்லது 12 கெல்வினில் சில நிமிடம் வைத்து மெதுவாகக் குளிரவிடுங்கள். ஃபிரிட்ஜ் முழுவதையும் சூடாக்கினால் கலவையை வெளியே எடுத்து மறுபடி சுழற்ற ஒரு நாள் போய்விடும். சிப் தாங்கிக்கு மெல்லிய வெப்ப இணைப்பும் சின்ன ஹீட்டரும் வைத்துக்கொள்வது நல்லது. டாட்டை உருவாக்கும் கேட் மின்முனைகளின் மின்னழுத்தங்களை அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் டாட்டை மறுபடி முதலிலிருந்து ட்யூன் செய்ய வேண்டிவரும்.

குளிரும்போது எவ்வளவு செங்குத்துப் புலம் தாங்கும்? கீற்றின் அகலம் w, ஒரு சுழலின் பாயம் Φ₀ என்றால் வரம்பு ஏறத்தாழ 1.65Φ₀/w². உங்கள் 10 மைக்ரானுக்கு 34 மைக்ரோடெஸ்லா. பூமியின் புலமே அந்த அளவில்தான் இருக்கிறது. 3 மில்லிடெஸ்லா எச்சம் 1 டிகிரி சாய்வில் 52 மைக்ரோடெஸ்லா தருகிறது! கீற்றை 4 மைக்ரான் ஆக்கினால் வரம்பு 200-ஐத் தாண்டும்.

இனி சாய்வைச் சரிசெய்வது. புலத்தை எந்தத் திசையிலும் திருப்பக்கூடிய வெக்டர் காந்தம் இல்லையென்றால், அந்தச் செங்குத்துப் பகுதியை எதிர்ப்புலத்தால் ரத்து செய்ய, நியோபியம்-டைட்டானியம் கம்பியில் 10 மில்லிமீட்டர் ஆரத்தில் 200 சுற்றுச் சுருள் ஒன்று சுற்றி, சிப் அதன் மையத்தில் வரும்படி வையுங்கள். ஒரு ஆம்பியருக்கு 12.6 மில்லிடெஸ்லா கிடைக்கும், ஆக 1.25 ஆம்பியர் போதும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: 0.9 டெஸ்லாவில் இந்தச் சுருளை முறுக்கும் விசை எதிரெதிர் விளிம்புகளில் சுமார் 360 கிராம் எடைக்குச் சமம். வார்னிஷை மட்டும் நம்பாமல் திருகிக் கட்டுங்கள்.

எவ்வளவு மின்னோட்டம் என்பதை ரெசனேட்டரை வைத்துத் தேடலாம். ஆனால் சுழல்கள் ஒட்டிக்கொள்வதால் ஏற்றத்தில் ஓர் உச்சமும் இறக்கத்தில் வேறோர் உச்சமும் வரும். அதே சிப்பில் ஹால் பார் (செங்குத்துப் புலத்தைக் குறுக்கு மின்னழுத்தமாகக் காட்டும் குறைகடத்திப் பட்டை) இருந்தால் வேலை எளிது. எலக்ட்ரான் அடர்த்தி சதுர மீட்டருக்கு 2×10¹⁵ என்றால் டெஸ்லாவுக்கு 3,120 ஓம், அதாவது உங்கள் 1 டிகிரி 49 ஓமாகத் தெரியும். குறைகடத்திக்குப் பழைய புலத்தின் நினைவு கிடையாது என்பதுதான் இங்கே கை கொடுக்கிறது. மின்னோட்ட முனைகளையும் மின்னழுத்த முனைகளையும் இடம் மாற்றி அளந்து, இரண்டின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். முனைகள் நேரெதிரே அமையாததால் வரும் பிழை கழிந்துவிடும். ஹால் பாரை நியோபியத் தரைத்தளத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள், தளம் புலத்தை வளைத்துவிடும். முதன்மைப் புலத்தை ஏற்றும்போது சுருளையும் அதே விகிதத்தில் சேர்த்தே ஏற்ற வேண்டும். பிறகு சரிசெய்து கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் சுழல் நுழைந்திருக்கும்.

இத்தனை செய்தும் 100 நானோமீட்டர் படலம் 0.9 டெஸ்லாவை முழுதாகத் தாங்காது. இணைப் புலத்திலேயே சுமார் 0.3 டெஸ்லாவில் சுழல் நுழையத் தொடங்கும். இந்த வரம்பு தடிமனின் இருமடிக்குத் தலைகீழாக மாறுவதால் அடுத்த சிப்பில் 30 நானோமீட்டர் போடுங்கள். இயக்க இண்டக்டன்ஸ் கூடி அதிர்வெண் இறங்கும், நீளத்தைக் குறைத்து ஈடுகட்டலாம். தரைத்தளத்தில், குறிப்பாக விளிம்போரம், 2 மைக்ரான் இடைவெளியில் அரை மைக்ரான் துளைகள் இடுங்கள். துளைக்கு ஒரு சுழல் என்று வைத்தாலும் அரை மில்லிடெஸ்லா வரை அவை ஆடாமல் பிடித்துக்கொள்ளும்.

அந்த 0.2 டெஸ்லா பள்ளத்துக்கும் சுழலுக்கும் சம்பந்தமில்லை. g மதிப்பு (புலத்துக்கு ஸ்பின்னின் அதிர்வெண் எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண்) 2 உள்ள எலக்ட்ரான் ஸ்பின்னுக்கு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ், 5.6-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். மேற்பரப்பில் உள்ள இணையற்ற ஸ்பின்கள் ரெசனேட்டரின் ஆற்றலை உறிஞ்சுகின்றன. புலத்தின் திசையை மாற்றினாலும், எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் பள்ளம் அதே இடத்தில் இருக்கும். டாட்டின் ஸ்பின், காலியம் ஆர்செனைடின் g அளவு 0.44 என்று கொண்டால், 0.91 டெஸ்லாவில்தான் ரெசனேட்டரோடு சேரும். டாட்டுக்குள் g இன்னும் குறைவாக இருக்கலாம், அப்போது 1 டெஸ்லாவுக்கு மேலும் போகத் தயாராக இருங்கள்.