வளவு தாண்டாத வைஃபை

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டில் இப்போது நானும் மருமகளும் மட்டும்தான். ஃபைபர் இணைப்பு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வைஃபை பெட்டியை முகப்பில் மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் புழங்குவது வளவு என்ற நடு முற்றத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டுப் பகுதியில். மருமகள் லேப்டாப்பில் வேலை பார்க்கும்போது அடிக்கடி ‘டைம்டு அவுட்’ என்று வந்து நின்றுவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோவில் பேசினாலும் பாதியில் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. கம்பெனிக்காரர் வந்து பார்த்து, “விளக்கெல்லாம் பச்சையா இருக்கு, லைன் சரி” என்று சொல்லிப் போகிறார். என்ன செய்வது? — ஓர் ஆச்சி

பதில்: ஆச்சி, அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். பச்சை விளக்கு, தெருவிலிருந்து பெட்டி வரை லைன் வந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பெட்டியிலிருந்து உங்கள் அடுப்படி வரை என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ‘டைம்டு அவுட்’ என்றால், லேப்டாப் ஒன்றைக் கேட்டது, கொஞ்ச நேரம் காத்திருந்தது, பதில் வரவில்லை என்று அர்த்தம். பதில் எந்த இடத்தில் தொலைந்தது என்று நாம்தான் தேட வேண்டும்.

மருமகளிடம் லேப்டாப்பில் ‘பிங்’ கட்டளையை (ஒரு முகவரியைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்பது) திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்து நிற்காமல் ஓடவிடச் சொல்லுங்கள். ஒன்று பெட்டியின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். இன்னொன்று வெளியே, கூகுளின் 8.8.8.8க்கு. இரண்டாம் கட்டில் உட்கார்ந்து கால் மணி நேரம் பாருங்கள். அப்புறம் முகப்புக்குப் போய், லேப்டாப்பைப் பெட்டியோடு கேபிளில் இணைத்து அதையே செய்யுங்கள். கேபிளில் பெட்டியின் பதில் ஒன்றிரண்டு மில்லி செகண்டில் வரும். பெட்டி ஒழுங்காகப் பதில் சொல்லி 8.8.8.8 மட்டும் விட்டுவிட்டு வந்தால் குறை வெளியே; அந்தத் திரையைப் படம் எடுத்துக் கம்பெனிக்காரரிடம் காட்டுங்கள். இரண்டாம் கட்டில் பெட்டியின் பதிலே விட்டுப்போனால் குறை வீட்டுக்குள். இரண்டும் சரியாக வந்து, பெயர் போட்டால் மட்டும் தளம் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் வீட்டுக்குள்தான் என்று எனக்குப் படுகிறது. நம் பக்கத்து வீடுகளில் வயரிங் செய்தே நான் வயதாகிப் போனேன். நம் ஐயாக்கள் கட்டிய சுவர், கனமான செங்கல்லும் சுண்ணாம்பும். பர்மா தேக்குக் கதவை வைஃபை சுலபமாகக் கடந்துவிடும். சுவரில்தான் களைத்துப் போகும். முகப்பில் பெரிய நிலைக்கண்ணாடி மாட்டியிருந்தால் அதன் பின்பூச்சு அலையைத் திருப்பி அனுப்பும். வளவுக்கு மேல் போட்ட இரும்புக் கம்பி வலை, இரும்பு அலமாரி எல்லாமே இடைஞ்சல். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வரும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கும் தெம்பு 2.4க்கு இருக்கும் அளவு அதற்குக் கிடையாது.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்குப் போதும். இரண்டாவது பெட்டியை, வைஃபை மட்டும் தரும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ ஆக மாற்றி, அதில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் ஆளுக்கொரு முகவரி கொடுத்துக் குழப்பும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, 2.4இல் ஒன்றுக்கு 1ஆம் சேனல், மற்றதற்கு 6 அல்லது 11 வையுங்கள்.

கடையில் சிக்னல் பெருக்கி என்று ஒன்று தருவார்கள். ஏற்கெனவே தேய்ந்த சிக்னலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் பெட்டி அது. இரண்டாம் கட்டில் வைத்தால் பிரயோஜனம் இல்லை.

ஒரு வேண்டுகோள் ஆச்சி. கேபிளுக்காகச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்கவோ துளை போடவோ விடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சு பெயர்ந்தால் அதே மாதிரி பூசித் தரும் கைகள் இன்று குறைவு. கேபிளை உத்தரத்தின் மேல் ஓட்டலாம், கதவு நிலைக்கு மேலுள்ள ஜாலி வழியே கொண்டுபோகலாம். வளவில் திறந்த வெளியில் போகும் பகுதிக்கு மழை, வெயில் தாங்கும் கேபிள் வாங்குங்கள்.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து இணைப்புப் போகிறது. மழை விட்டதும் வந்துவிடுகிறது. — தேவகோட்டை வாசகர்

பதில்: இது வெளிக்கோளாறு. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். வெளியே உள்ள இணைப்புப் பெட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது நனைந்த மரக்கிளை ஃபைபர் கம்பியை மடக்கியிருக்கும். வருபவரிடம் ஒளி அளவு மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம்மை ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 27க்குக் கீழே (மைனஸ் 28, 29 என்று) போனால் விடாமல் கேளுங்கள். மழை விட்ட பிறகு வந்தால் அளவு சரியாகவே காட்டும். அதனால் சிவப்பு எரியும்போதே நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். பச்சைத் தலைப்புள்ள கம்பியை நீங்களே கழற்றி மாட்டாதீர்கள், அதன் முனையை உற்றுப் பார்க்கவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒளி அதில் வருகிறது.