யூபி40 வெறும் கவர் பாட்டு பாடின பேண்ட் தானா? அவங்க எப்படி இவ்ளோ பெரிய ரெகே பேண்ட் ஆனாங்க?

இல்லைங்க. கண்டிப்பா இல்ல. ஆனா இந்தக் கேள்வி ஏன் வருதுன்னு நல்லாவே புரியுது, ஏன்னா நம்மள்ல முக்காவாசி பேருக்கு யூபி40ன்னா 'ரெட் ரெட் வைன்' தெரியும், 'கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்' தெரியும், ரெண்டுமே வேற ஒருத்தர் பாட்ட இவங்க திரும்பப் பாடினது, அதாவது கவர். அதுக்கு முன்னாடி இருந்த மூணு நாலு வருஷம் யாரும் சொல்றதே இல்ல. எனக்கு அந்த வருஷங்கள் தான் உயிர், அதனால அதப் பத்தியே நிறைய எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

ஊரு பர்மிங்ஹாம், இங்கிலாந்து. 1978 கடைசி. ஃபேக்டரி ஊரு அது, ஆனா அந்த நேரத்துல ஃபேக்டரி ஒண்ணொண்ணா ஆள் குறைச்சுட்டு இருந்துச்சு, பள்ளிக்கூடம் முடிச்ச பசங்களுக்கு வேலை கிடையாது. மோஸ்லி, பால்சல் ஹீத் பக்கம் ஒண்ணா வளந்த பசங்க எட்டு பேரு, சிலர் ஒரே ஸ்கூல். ஆலி கேம்பல், அவரு அண்ணன் ராபின், பேஸ் கிதார்ல ஏர்ல் ஃபால்கனர், டிரம்ஸ் ஜிம்மி பிரவுன், சாக்ஸஃபோன் பிரையன் டிராவர்ஸ், பெர்கஷன் நார்மன் ஹசன், கீபோர்டு மிக்கி வர்ச்சூ, கொஞ்சம் பிந்தி வந்து சேந்த ஆஸ்ட்ரோ. ஸ்காட்லாந்து வழி வந்த குடும்பம், ஜமைக்கா வழி வந்த குடும்பம், ஏமன் வழி வந்த குடும்பம்னு எல்லாம் கலந்த கூட்டம். அந்தத் தெருக்கள்ல ஜமைக்காவுல பொறந்த ரெகே தான் ஓடும், பக்கத்து வீட்டு விசேஷத்துல கேட்டு வளந்த இசை, அதனால வெள்ளக்கார பையன் ரெகே பாடுறது அவங்களுக்குள்ள ஒரு விஷயமாவே இல்ல.

ஆலி, ராபின் அப்பா இயன் கேம்பல் பெரிய நாட்டுப்புறப் பாடகர், அபர்டீன்காரர். வீட்ல பாட்டும் அரசியலும் சேந்தே இருந்துச்சுன்னு நெனச்சுக்கலாம். பின்னாடி இவங்க பாட்டுல எல்லாம் ஒரு கோபம் இருக்கே, அதுக்கு வேர் அங்க இருக்குன்னு தான் எனக்குத் தோணும்.

காசுக்கு என்ன பண்ணாங்கன்னா, ஆலியோட 17வது பிறந்தநாள் அன்னிக்கு ஒரு பார்ல நடந்த சண்டையில யாரோ கிளாஸால முகத்துல அடிச்சு கண்ணுகிட்ட பலமான காயம், அதுக்கு அரசாங்கம் குடுத்த நஷ்டஈடு சுமார் 4,000 பவுண்டு, அதுல வாங்கினது தான் பேண்டோட முதல் இசைக்கருவிகள். வாங்கும்போது பாதிப் பேருக்கு வாசிக்கவே தெரியாது! பிரையன் எலக்ட்ரீஷியன் வேலை பழகிட்டு இருந்தவரு. வாசிக்க வர்றதுக்கு முன்னாடியே ஊரு முழுக்க போஸ்டர் ஒட்டிட்டாங்க, அப்புறம் மாசக்கணக்கா பிராக்டிஸ்.

பேரு எங்கிருந்து வந்துச்சுன்னா, வேலை இல்லாதவங்களுக்கு அரசு உதவித்தொகை வாங்க ஒரு கார்டு குடுப்பாங்க, அந்த ஃபாரத்தோட நம்பர் யூபி40. கிட்டத்தட்ட எல்லாரும் அத பாக்கெட்ல வச்சிருந்தவங்க தான். நாட்டுல லட்சக்கணக்கான பேரு அதே கார்ட வச்சுக்கிட்டு வரிசையில நின்னுட்டு இருந்தாங்க, 1982ல பிரிட்டன்ல வேலையில்லாதவங்க எண்ணிக்கை 30 லட்சத்த தாண்டிச்சு. அதனால பேர கேட்ட உடனே 'இவன் நம்மாளு'ன்னு ஜனங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

முதல் கச்சேரி 1979 பிப்ரவரி 9, கிங்ஸ் ஹீத்ல 'ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்'னு ஒரு பப், ஒரு ஃபிரெண்டோட பர்த்டே பார்ட்டி. இப்போ அங்க ஒரு நினைவுப் பலகையே இருக்கு. அதுக்கப்புறம் கொஞ்ச மாசத்துலயே பாடகி கிரிஸ்ஸி ஹைண்ட் ஒரு பப்ல இவங்க வாசிச்சத பாத்துட்டு, தன்னோட 'பிரிட்டெண்டர்ஸ்' பேண்ட் டூர்ல முன்னாடி வாசிக்க கூட்டிட்டுப் போனாங்க. பிரிட்டெண்டர்ஸ் அப்போ தான் பெரிய ஹிட் ஆயிட்டு இருந்த நேரம், தினமும் ஃபுல் ஹவுஸ், அத்தன பேருக்கு முன்னாடி இவங்க. பெரிய கம்பெனி எதுவும் பின்னாடி இல்ல, 'கிராஜுவேட்'னு பக்கத்து ஊரு டட்லியில ஒரு சின்ன லேபிள், அதுல 1980ல வந்த முதல் சிங்கிள் 'கிங்' / 'ஃபுட் ஃபார் தாட்' பிரிட்டிஷ் சார்ட்ல 4வது இடம். ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங் பத்தி, இன்னொரு பக்கம் கிறிஸ்மஸ் விருந்து சாப்பிடுற நாட்டுக்கும் பஞ்சத்துல சாகுற நாட்டுக்கும் உள்ள தூரம் பத்தி. அறிமுகமே இந்த மாதிரி ரெண்டு பாட்டுன்னா யோசிச்சுப் பாருங்க.

இப்போ 'சைனிங் ஆஃப்' ஆல்பத்துக்கு வரேன். 1980 ஆகஸ்ட் 29 ரிலீஸ். இத ரெக்கார்ட் பண்ண இடம் பெரிய ஸ்டுடியோ கிடையாது. பாப் லாம்ப்னு ஒரு பர்மிங்ஹாம் டிரம்மர் தங்கியிருந்த வீடு, சின்ன ரூமு, எட்டு டிராக் மெஷின். எட்டு பேரும் உள்ள அடங்க மாட்டாங்க. அதனால சாக்ஸஃபோன கிச்சன்ல நின்னு வாசிச்சாரு பிரையன், சுவத்துல பட்டு வர்ற எதிரொலி நல்லா இருந்துச்சாம். நார்மன் பெர்கஷன தோட்டத்துல வச்சு வாசிச்சிருக்காரு, அவரு டிராக்க மட்டும் தனியா பிரிச்சுக் கேட்டா பின்னாடி குருவிச் சத்தம் கேக்கும்னு அவரே சொல்லியிருக்காரு. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த ஆல்பத்த ஹெட்ஃபோன்ல கேக்கும்போது எனக்கு ஒவ்வொரு சவுண்டும் எந்த ரூம்லருந்து வருதுன்னு தேடத் தோணும்.

அட்டை இன்னும் அழகு. அந்த மஞ்சள் கலர் உதவித்தொகை கார்ட அப்படியே ஆல்பம் கவரா போட்டு, அதுமேல சீல் குத்தின மாதிரி தலைப்பு. வேலை கிடைச்சதும் உதவித்தொகையிலருந்து கையெழுத்து போட்டு விலகுறதுக்கு தான் 'சைனிங் ஆஃப்'னு பேரு, இவங்களும் அப்படித் தான் விலகினாங்க. ஆல்பம் 2வது இடம் வரைக்கும் போச்சு, 70 வாரத்துக்கு மேல சார்ட்ல இருந்துச்சு. ஒரு வாடகை ரூம்ல எடுத்த ரெக்கார்டு!

முதல் பாட்டு 'டைலர்'. இத மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். கேரி டைலர்னு ஒரு கறுப்பினப் பையன், அமெரிக்காவுல லூசியானா. 1974ல கறுப்பினப் பசங்களும் வெள்ளக்காரப் பசங்களும் ஒரே ஸ்கூல்ல படிக்கக்கூடாதுன்னு தகராறு நடந்த நேரம், கறுப்பின மாணவர்கள் போன பஸ்ஸ ஒரு வெள்ளக்காரக் கூட்டம் சுத்தி வளைச்சப்ப ஒரு 13 வயசு வெள்ளக்காரப் பையன் சுடப்பட்டு செத்துப் போறான். கேரிக்கு அப்போ 16 வயசு. ஜூரி முழுக்க வெள்ளக்காரங்க. தூக்கு கிடையாது அங்க, மின்சார நாற்காலி, அதுக்குத் தான் தீர்ப்பு, அப்போ அவனுக்கு 17. பின்னாடி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணால அது ஆயுள் தண்டனையா மாறிச்சு. இந்தக் கதைய பர்மிங்ஹாம்ல வேலை இல்லாம இருந்த பசங்க எடுத்து தங்களோட முதல் ஆல்பத்துல முதல் பாட்டா வச்சாங்க. பேஸ் மெதுவா, கனமா போகும், குரல்ல அலறல் எதுவும் இருக்காது, நடந்தத நடந்தபடி சொல்லிட்டுப் போற மாதிரி பாடுவாரு ஆலி, அதனாலயே நெஞ்ச அழுத்தும். கேரி டைலர் 2016ல தான் வெளிய வந்தாரு. 41 வருஷம் ஜெயில்ல.

அதே ஆல்பத்தோட கூடவே ஒரு 12 இஞ்ச் ரெக்கார்டும் குடுத்தாங்க, அதுல 'மேடம் மெடூசா'ன்னு பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல போற பாட்டு, அப்போ பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர நேரடியா சாடுறது. 'பர்டன் ஆஃப் ஷேம்' தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு பிரிட்டன் துணை போறத பத்தி. இங்க தான் ஒரு விஷயம் நடந்துச்சு, தென்னாப்பிரிக்காவுல ஆல்பம் வெளியானப்ப லேபிள் அந்த ஒரு பாட்ட மட்டும் இவங்கள கேக்காம தூக்கிடுச்சு. அவ்ளோதான், இவங்க கிராஜுவேட்ட விட்டு வெளிய வந்துட்டாங்க. முதல் ஆல்பம் ஹிட் ஆகி காசு வர்ற நேரத்துல லேபிள உதறிட்டு வர்றதுக்கு ரொம்ப தில்லு வேணும். சொந்தமா 'டெப் இன்டர்நேஷனல்'னு லேபிள் ஆரம்பிச்சாங்க. நிறவெறி இருந்த வரைக்கும் தென்னாப்பிரிக்காவுல போய் வாசிக்கவும் இல்ல, 1994ல மண்டேலா ஆட்சிக்கு வந்த அப்புறம் தான் போனாங்க.

1981ல 'பிரசென்ட் ஆர்ம்ஸ்', அதுல 'ஒன் இன் டென்'. அப்போ அந்தப் பகுதியில பத்துல ஒருத்தருக்கு வேலை இல்ல, அந்தப் புள்ளிவிவரமே எந்திரிச்சு நின்னு 'நான் வெறும் நம்பர் இல்ல'ன்னு பேசுற மாதிரி எழுதின பாட்டு. அதே ஆல்பத்த டப் வடிவத்துலயும் போட்டாங்க (டப்னா பாட்டுல குரல எடுத்துட்டு பேஸ், டிரம்ஸ், எக்கோ மேல விளையாடுறது), அதுவும் சார்ட்ல ஏறிச்சு.

சரி, அப்புறம் கவர் பாட்டு எங்கிருந்து வந்துச்சு? 1983, 'லேபர் ஆஃப் லவ்'. சின்ன வயசுல தாங்க கேட்டு வளந்த ரெகே பாட்டுகள திரும்பப் பாடணும்கிறது ரொம்ப நாளா இருந்த ஆசை, பத்துப் பாட்டு எடுத்தாங்க, எரிக் டொனால்ட்சன், ஜிம்மி கிளிஃப், மெலோடியன்ஸ், வெய்லர்ஸ்னு கிட்டத்தட்ட எல்லாமே ஜமைக்காக்காரங்க பாட்டு. 'ரெட் ரெட் வைன்' 1967ல அமெரிக்கப் பாடகர் நீல் டயமண்ட் எழுதினது, ஆனா இவங்க கேட்டது 1969ல டோனி டிரைப் பாடின ரெகே வெர்ஷன், ரெக்கார்டுல என். டயமண்ட்னு பாத்து அதுவும் ஜமைக்காக்காரர் தான்னு நம்பியிருந்தாங்க! பின்னாடி நீல் டயமண்டே மேடையில இவங்க ஸ்டைல்ல பாடினாரு. பிரிட்டன்ல பாட்டும் ஆல்பமும் ரெண்டும் நம்பர் 1.

அமெரிக்காவுல மட்டும் முதல்ல சரியா போகல, 34வது இடத்தோட நின்னுச்சு. அப்புறம் 1988 ஜூன்ல லண்டன் வெம்ப்ளியில மண்டேலாவோட 70வது பிறந்தநாளுக்கு நடந்த கச்சேரியில வாசிச்சாங்க, அரிசோனாவுல ஃபீனிக்ஸ்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன் அந்தப் பழைய பாட்ட திரும்பப் போட ஆரம்பிச்சுது, ஜனங்க விடாம கேக்க ஆரம்பிச்சாங்க, அக்டோபர்ல அமெரிக்காவுல நம்பர் 1. அஞ்சு வருஷம் கழிச்சு! இந்தத் தடவ ஓடினது ஆஸ்ட்ரோவோட டோஸ்டிங் இருக்குற முழு வெர்ஷன், அதாவது தாளத்து மேல ஜமைக்கா பேச்சுல வேகமா பேசிட்டே போறது. இன்னிக்கும் அந்தப் பாட்ட போட்டா எல்லாரும் சேந்து சொல்றது அந்த இடத்த தான்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1985ல கிரிஸ்ஸி ஹைண்ட் கூட 'ஐ காட் யூ பேப்', 1986ல சோவியத் ரஷ்யா டூர், 1989ல 'கிங்ஸ்டன் டவுன்', 1993ல 'கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்' அமெரிக்காவுல ஏழு வாரம் நம்பர் 1. மொத்தம் 7 கோடி ரெக்கார்டு வித்ததா சொல்றாங்க. கவர் பாட்டுல தப்பே இல்லங்க, அந்த ஆல்பத்தால எத்தனையோ பேரு அசல் ஜமைக்கா பாட்ட தேடிக் கேட்டாங்க, நானும் அப்படித் தான் எரிக் டொனால்ட்சன் பக்கம் போனேன். எனக்கு இருக்குற ஒரே வருத்தம், ஹிட் ஆனது எல்லாம் கவர் பாட்டுன்னு ஆனதும் 1986ல வந்த 'சிங் அவர் ஓன் சாங்' மாதிரி நிறவெறிய எதிர்த்து எழுதின சொந்தப் பாட்டு பலபேரு காதுக்குப் போகாமலே போச்சு.

கடைசிப் பகுதி கஷ்டமானது, சுருக்கமா சொல்லிடறேன். 1979ல சேந்த அதே எட்டு பேரு கிட்டத்தட்ட 30 வருஷம் மாறாம இருந்தாங்க, பாப் இசையில இது சாதாரணம் இல்ல. 2008ல பணம், நிர்வாகம் சம்பந்தமான சண்டையில ஆலி வெளிய போனாரு, பின்னாடியே மிக்கியும். ஆலியோட இன்னொரு அண்ணன் டங்கன் வந்து பாடினாரு. 2011ல அவங்களோட சொந்த லேபிள் கடனால சிலர் திவால் ஆனாங்க, இத்தன கோடி ரெக்கார்டு வித்த பேண்ட்ல! 2013ல ஆஸ்ட்ரோவும் போய் ஆலி கூட சேந்துட்டாரு, ஒரே பேர்ல ரெண்டு பேண்ட், கோர்ட் கேஸு. ஆலியும் ராபினும் கூடப்பிறந்தவங்க, ஒரு பக்கம் ஒருத்தர் மறுபக்கம் இன்னொருத்தர்ங்கறது தான் எனக்கு ஜீரணிக்கவே முடியல. 2021 ஆகஸ்ட்ல பிரையன் மூளைப் புற்றுநோயால போயிட்டாரு, நவம்பர்ல ஆஸ்ட்ரோவும். அந்த எட்டு பேர ஒரே மேடையில பாக்குற வாய்ப்பு அதோட முடிஞ்சுது.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, தயவுசெஞ்சு ஹிட்ஸ் கலெக்‌ஷன்ல ஆரம்பிக்காதீங்க. 'சைனிங் ஆஃப்' முழுசா, வரிசையா, நல்ல ஹெட்ஃபோன்ல. ஃபோன் ஸ்பீக்கர்ல ரெகே கேக்காதீங்க, பேஸ் போயிடும், பேஸ் போனா ரெகேல பாதி போச்சு. 'டைலர்'ல ஏர்ல் வாசிக்கிறத மட்டும் ஒரு தடவ தனியா கவனிங்க. அப்புறம் 'பிரசென்ட் ஆர்ம்ஸ்', அப்புறம் அதோட டப். அது முடிச்சுட்டு 'லேபர் ஆஃப் லவ்' கேட்டு, அதுல இருக்குற பத்துப் பாட்டோட அசல் வெர்ஷனையும் ஒண்ணொண்ணா தேடிப் போடுங்க, டோனி டிரைப்போட 'ரெட் ரெட் வைன்' உட்பட.